இன்றைய மாத்திரையும் முப்பதாண்டுக் கணக்கும்

நல்லாத்தானே இருக்கேன்

ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "நல்லாத்தானே இருக்கேன்" என்பதுதான். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அது முட்டாள்தனமான கணக்கும் அல்ல. மாத்திரைக்கான காசு இன்று கையை விட்டுப் போகிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கினாலும் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை என்று அரை நாள் கூலி போய்விடுகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது, சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது, சிலர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருக்கிறார்கள். இவ்வளவையும் கொடுத்து வாங்குவது எதை? எதுவும் நடக்காமல் இருப்பதை. தலைவலி மாத்திரை அரை மணி நேரத்தில் தன் வேலையைக் காட்டிவிடும். பிரஷர் மாத்திரை ஆயுள் முழுக்கப் போட்டாலும் தான் என்ன செய்தது என்று காட்டாது. இன்று ஒரு வேளை விட்டுப்போனாலும் பெரும்பாலும் நாளைக் காலை வழக்கம்போலவே விடிகிறது. ஒரே ஒரு நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டால் மாத்திரையை விடுவதுதான் லாபம். அந்த ஒரு நாள் கணக்கைத் தினமும் காலையில் புதிதாகப் போடுவதில்தான் சிக்கல்.

இன்றைய சிறு தொகைக்காக நாளைய பெருந்தொகையை விட்டுக்கொடுப்பதை விளக்கப் பொருளாதாரப் பாடப்புத்தகம் வேண்டாம், ஏலச்சீட்டு போதும். முதல் மாதங்களிலேயே சீட்டை எடுப்பவர் நிறையத் தள்ளித்தான் எடுக்கிறார். வீட்டில் கல்யாணம், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்று அவருக்குத் தேவை இருக்கிறது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எவ்வளவு தள்ளுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். நாலு பேர் நடுவில் அந்தத் தொகை உரக்கச் சொல்லப்படுகிறது. உடம்பு நடத்தும் சீட்டில் தள்ளுபடியைச் சொல்ல ஆள் இல்லை. மாத்திரையை நிறுத்துபவரின் குறை அவசரப்படுவது அல்ல, எதைத் தள்ளுகிறார் என்று தெரியாமலே தள்ளுவது.

300-க்கு 190

அந்தத் தொகை மருத்துவர்களுக்கே நெடுங்காலம் தெரியாமல்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், வயது ஏற ஏற நாளங்கள் இறுகுவதால் ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் உடம்புக்குத் தேவைப்படுகிறது, அதைக் குறைப்பதே ஆபத்து என்று கருதியவர்கள் பலர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்தது. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அளந்தபோது அது 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று, பின்னந்தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது பதிவான அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு. உலகிலேயே மிக நெருக்கமாகக் கவனிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவருக்கு நேர்ந்தது இது. வசதி இல்லாததால் நேரவில்லை. சரியான மருந்தும் இல்லை, அழுத்தத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற அறிவும் அன்று உறுதிப்படவில்லை.

அந்த அறிவு வரக் காத்திருப்பு தேவைப்பட்டது. 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு இதய நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அழுத்தம் கூடியவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன. பின்னர் இதுபோன்ற 61 ஆய்வுகளில் இருந்த பத்து லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டார்கள். 40 முதல் 69 வயதுக்குள், மேல் அளவு ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் பக்கவாதத்தால் சாகும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது, இதய நோய்ச் சாவு இரு மடங்காகிறது. நடப்பது மெதுவான வேலை. கூடுதல் சுமை தாங்க இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் தழும்பேறுகின்றன, விழித்திரை நாளங்கள் சுருங்குகின்றன. இவற்றில் எதுவும் வலிப்பதில்லை. பிரஷர் ஏறினால் தலை வலிக்கும், கிறுகிறுக்கும் என்று நம்பி, அவை இல்லாததை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது இதனால்தான் தவறாகிறது.

850 பேருக்கு ஒருவர்

இங்கே எழும் மறுப்பு வலுவானது, அதை மழுப்பக் கூடாது. ஆபத்து இரட்டிப்பாகிறது என்பது சரி; சிறிய எண் இரட்டித்தாலும் சிறிய எண்தானே? பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் லேசான ரத்த அழுத்தம் உள்ள 17,354 பேரிடம் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. அதன் முடிவு: 850 பேருக்கு ஓராண்டு மாத்திரை கொடுத்தால் ஏறக்குறைய ஒரு பக்கவாதம் தடுக்கப்படும். மற்ற 849 பேரும் அந்த ஆண்டில் காசையும் பக்கவிளைவையும் சுமந்ததற்குப் பக்கவாதக் கணக்கில் எதுவும் பெறவில்லை. ஆக, "மாத்திரை போடாவிட்டால் பக்கவாதம் வந்துவிடும்" என்று மிரட்டுபவர் உண்மையைச் சொல்லவில்லை. மிரட்டலைக் கேட்டு நிறுத்திப் பார்த்தவர், ஆறு மாதம் ஒன்றும் ஆகாததைக் கண்டதும் மருத்துவர் சொன்ன மற்றதையும் நம்ப மறுக்கிறார். பயமுறுத்தலின் விலை இது.

ஆனால் அந்த 850-ஐ இன்னொரு முறை படிக்க வேண்டும். அது ஓராண்டுக் கணக்கு. நாற்பது வயதில் அழுத்தம் கண்டறியப்பட்டவருக்கு முன்னால் இருப்பதோ முப்பது ஆண்டுகள். வெறும் வகுத்தல் கணக்கே முப்பது பேருக்குக் கிட்டத்தட்ட ஒருவர் என்று வந்துவிடுகிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுவதையும், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடத்தான் செய்யும். தொடக்க அளவே மிக அதிகம் என்றால் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் நடந்து 1967-இல் வெளியான ஆய்வில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் பங்கேற்றனர். போலி மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு. இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. ஆகவே "மாத்திரை அவசியமா?" என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. அழுத்தம் எவ்வளவு, கூடவே சர்க்கரை உண்டா, புகைப்பழக்கம் உண்டா, இன்னும் எத்தனை ஆண்டுக்குக் கணக்குப் போடுகிறோம் என்பவற்றைப் பொறுத்து அது மாறுகிறது. கணக்கின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

தாத்தாவும் ஊறுகாயும்

தாத்தா மாத்திரையே போடாமல் தொண்ணூறு வரை இருந்தார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு; மேலே சொன்ன எண்களின்படியே பெரும்பாலோர் தப்பிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தொண்ணூறு வரை இருந்த தாத்தாதான் கதையாக நிற்கிறார். ஐம்பத்தைந்தில் போன அவருடைய தம்பி "திடீர்னு போயிட்டார்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறார், அழுத்தம் அளக்கப்படாமலே.

"ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது" என்ற அச்சத்தைப் பற்றி: மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை, நோய்தான் நீடிக்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடினால் மருத்துவரே அளவைக் குறைப்பதுண்டு. தாமாகச் சட்டென்று நிறுத்துவது வேறு. சில வகை மாத்திரைகளை அப்படி நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும். கால் வீக்கத்துக்கும் இருமலுக்கும் தீர்வு மருந்தை மாற்றுவது. வகைகள் பல இருப்பதே அதற்காகத்தான். மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் ஏறுகிறவர்களும் உண்டு என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து ஆயுள் முடிவு எடுக்கச் சொல்லவில்லை. காபியோ சிகரெட்டோ குடித்திருந்தால் அரை மணி கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பேச்சு.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது ருசியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இருக்கும் சாப்பாட்டில் அது சட்டென்று தீர்ந்துபோகும். இவையெல்லாம் இல்லாமல் என்ன சாப்பாடு என்று கேட்பவரின் இழப்பு கற்பனை அல்ல. மூன்று வேளையும் நாக்கில் உணரப்படும் இழப்பு. அதனால் இழப்பையே சிறிதாக்கும் வழிகள் புத்திமதியைவிட நன்றாக வேலை செய்கின்றன. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. எவரையும் ருசியைத் துறக்கச் சொல்லவில்லை, சமையலறை டப்பாவில் இருந்ததை மாற்றினார்கள், அவ்வளவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த உப்பு ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

யார் பெயரில் கடன்

மாத்திரையை விடுபவர் தன் உடம்பை வைத்துத்தானே விளையாடுகிறார், அவர் இஷ்டம் என்று விட்டுவிடலாமே? பக்கவாதம் வந்தபின் உடம்பைப் புரட்டிப் படுக்கவைப்பவர் மனைவியோ மகளோ மருமகளோ. சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். கூடவே ஒருவர் போக வேண்டும், அவருடைய கூலியும் போகும். அரை நாள் கூலியை மிச்சப்படுத்தியவரின் கடன் இன்னொருவர் பெயரில் ஏறுகிறது. காலையில் மாத்திரைப் பட்டையைப் பார்த்துத் தயங்கும்போது அந்த இன்னொருவர் கணக்கில் வருவதே இல்லை.

இருந்தாலும் அந்த அரை நாள் கூலி உண்மையான செலவு. அதைக் குறைக்காமல் மனவுறுதியை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதன் பொருள் இதுதான். போகும் வழி, வரிசை, இழந்த கூலி எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும். பகலில் கதவைத் தட்டும்போது வேலைக்குப் போயிருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அந்தச் செலவு இன்னும் கழியவில்லை. முப்பதாண்டுக் கணக்கில் அதிகம் பெறக்கூடியவரும் அவர்தான்.