நள்ளிரவு இருமல் வெறும் சளிதானா?

நம் அலுவலகத்தில் உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர், ஒரு குளிர்காலம் முழுவதும் கண் சிவந்தே காலையில் வந்துகொண்டிருந்தார். அவருடைய ஆறு வயது மகனுக்கு ஓயாத இருமல். பகலெல்லாம் விளையாடும் சிறுவன், இரவு இரண்டு மணிக்கு மேல் இருமி எழுந்து உட்கார்ந்துவிடுவான். ‘சளிதான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்றனர் வீட்டுப் பெரியவர்கள். நாமும் அதையே கூறினோம். மூன்று புட்டி இருமல் மருந்து தீர்ந்த பின்னரே, அது ஆஸ்துமா என்று குழந்தை மருத்துவர் ஒருவர் கண்டறிந்தார்.

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழல்களில் நீடித்து நிற்கும் அழற்சியே ஆஸ்துமா. தூசி, கொசுவர்த்திப் புகை, பட்டாசுப் புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என ஏதேனும் ஒன்று தூண்டியதும், குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை அடைக்கிறது. இழுத்த மூச்சை வெளிவிடுவது பெரும்பாடாகிறது. சீழ்க்கை போன்ற ஒலி எழுவது இதனால்தான். ஆயினும் சில குழந்தைகளுக்கு இருமல் மட்டுமே அறிகுறி. அது வரும் வேளையைக் கவனித்தல் வேண்டும்: நள்ளிரவு, விடியற்காலை, ஓடிய பின், வாய்விட்டுச் சிரித்த பின்.

மாறாக, ஐந்து வயதுக்குட்பட்டோர் பலருக்குச் சளி பிடிக்கும்போது மட்டும் வீசிங் வந்து, வளர்ந்தபின் நின்றுவிடுவதும் உண்டு. ஊதிப் பார்க்கும் சோதனையை அந்த வயதில் சரிவரச் செய்ய இயலாது. எனவே பெற்றோர் கூறும் விவரமே மருத்துவருக்குப் பெருந்துணை. இருமிய நாளையும் நேரத்தையும் வரவு செலவு போல் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நலம்.

இன்ஹேலர் என்றதும் அஞ்சுவோர் இன்றும் உளர். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரையில் 2 மில்லிகிராம் மருந்து உடலெங்கும் பரவுகிறது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம், இருபதில் ஒரு பங்கு. அதுவும் மூச்சுக்குழலுக்கே நேராகச் செல்வதற்கு. சிறு குழந்தைகளுக்கு ஸ்பேசர் குழாயுடன் கொடுப்பர். இது உடனடி நிவாரணத்துக்கானது. அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்து வேறு. குழந்தை நன்றாக இருக்கிறதே என்று அதை நாமாக நிறுத்துவதுதான் பெரும்பிழை. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கச் செய்யும் வழக்கம் பலரும் அறிந்ததே. அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

விலா எலும்புகளுக்கிடையே தோல் உட்குழிந்தாலோ, குழந்தையால் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். திணறும் குழந்தையின் மூச்சொலி திடீரென நின்றால் மகிழ்ந்துவிடலாகாது. காற்றே நுழையாதபோதும் ஒலி நிற்கும்.

நம் தொழில் சார்ந்த செய்தி ஒன்று. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் குழந்தையின் ஆஸ்துமாவை மறைப்போர் உண்டு. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், 2024 ஏப்ரல் முதல், அதிகபட்சம் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. மறைத்தது பின்னர் தெரியவந்தால் இழப்பீடே மறுக்கப்படலாம்.

நண்பரின் மகன் இப்போது பள்ளியில் கால்பந்து ஆடுகிறான். அவன் பையில் ஓர் இன்ஹேலர், வகுப்பாசிரியரிடம் மற்றொன்று.