மிதிவண்டியில் நம் ஊரைக் காண்போம்

நம்மில் பலர் வீட்டில் ஒரு மிதிவண்டி உண்டு. பள்ளிக்கு வரவும், டியூஷனுக்குப் போகவும், கடைக்கு ஓடி அரைக் கிலோ சர்க்கரை வாங்கி வரவும் அது உதவுகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் அந்த வண்டி தம்பியின் கைக்குப் போய்விடும். இல்லையேல் மாடிப்படியின் கீழ்ச் சாய்ந்து துருப்பிடிக்கும். அதற்குள் அது நம்மை ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும். அந்த இடம் வேறெங்கும் இல்லை. பிறந்து வளர்ந்தும் நாம் இன்னும் பார்க்காத நம் ஊர்தான்.

ஏன் மிதிவண்டி?

நடந்து சென்றால் ஒரு மணி நேரத்தில் 4 அல்லது 5 கிலோமீட்டர் போகலாம். ஏறத்தாழ அதே முயற்சியில் மிதிவண்டியில் 12 முதல் 15 கிலோமீட்டர் போய்விடலாம். பேருந்து இன்னும் விரைவாகப் போகும். ஆனால் அது நிற்குமிடத்தில்தான் நாம் இறங்க முடியும். மிதிவண்டியோ நாம் நினைத்த இடத்தில் நிற்கும். புளிய மரத்தடியில் காலூன்றி, மைனாவின் சண்டையைப் பார்த்துவிட்டு மறுபடியும் புறப்படலாம். பெட்ரோல் செலவில்லை, இரைச்சல் இல்லாததால் பறவைகளும் அஞ்சிப் பறப்பதில்லை.

இன்று நாம் ஓட்டும் வடிவத்தில் மிதிவண்டி வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரம் சங்கிலியால் சுழலும் ‘ரோவர்’ வண்டியைச் செய்தார். 1888இல் ஜான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். கரடுமுரடான பாதையிலும் நாம் வண்டி ஓட்ட முடிவது இவ்விரண்டின் பயனே.

நம்மைச் சுற்றியுள்ள பாதைகள்

பேரணாம்பட்டு, கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். ஒரு புறம் குடியாத்தம், மறு புறம் ஆம்பூர். இரண்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. பத்தலப்பல்லி வழியாக மலையேறினால் ஆந்திரத்தின் வி.கோட்டா. அருகிலேயே சாத்கர் மலை நிற்கிறது. ‘சாத் கர்’ என்றால் ஏழு கோட்டைகள் என்று பொருள். தினமும் பார்க்கும் மலையின் பெயருக்குள் ஒரு வரலாறு இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தொடக்கத்தில் பெருஞ்சாலைகள் வேண்டாம். கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகள், மாட்டுவண்டித் தடங்கள், ஏரிக்கரைகள் ஆகியவையே மிதிவண்டிக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏரிகளில் நீர் நிற்கும். கொக்கு, மீன்கொத்தி, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாவற்றையும் கரையிலிருந்தே காணலாம். மலட்டாற்றின் போக்கைப் பின்பற்றினால் அது பாலாற்றோடு சேர்வதை அறியலாம். அந்தப் பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, நம் மாவட்டத்தைக் கடந்து, வங்கக் கடலில் கலக்கிறது. புவியியல் புத்தகத்தில் ஒரு கோடாக இருந்த ஆறு அப்போது கண்முன் உயிர் பெறும்.

ஆனால் மிதிவண்டி அழகை மட்டும் காட்டுவதில்லை; காயத்தையும் காட்டும். பேருந்தில் போகும்போது நொடியில் கடந்துவிடும் தோல் ஷாப்புக் கழிவின் நாற்றம், மிதிவண்டியில் போகும்போது நம் மூக்கை விடாது. தோல் தொழில் இந்தப் பகுதியின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தும் இருக்கிறது. இதை எதிர்த்து ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. இந்தியா முழுவதும் சட்டம் பயில்வோர் படிக்கும் வழக்கு, நாம் அன்றாடம் கடக்கும் பாலத்தின் கீழிருந்து பிறந்திருக்கிறது! திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்கிறார். இல்லத்தின் எல்லா அறைகளையும் பார்க்காதவள் அதை எப்படிப் பேணுவாள்?

கரட்டுப் பாதையில் ஓட்டும் முறை

புறப்படுமுன் மூன்றைச் சோதியுங்கள்: காற்று, பிரேக், சங்கிலி. ஆசனத்தில் அமர்ந்து மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். ஆசனம் மிகத் தாழ்ந்திருந்தால் 5 கிலோமீட்டரிலேயே முழங்கால் வலிக்கும்.

கல்லும் மண்ணும் கலந்த தடத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள்; முழங்கையைச் சற்றுத் தளர்த்தினால் அதிர்ச்சி உடம்பில் ஏறாது. மணலில் சட்டென்று திருப்பினால் சக்கரம் சறுக்கும். நேராக, நிதானமாக மிதித்துக் கடந்துவிடுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இறக்கத்தில் வண்டி வேகம் கொண்ட பிறகு பிரேக்கை நினைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும்.

நம் பக்கத்துத் தடங்களில் டயருக்குப் பகைவன் வேலிகாத்தான் முள். ஆகவே சிறு பம்பு, டயரைக் கழற்றும் லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டு ஆகியவை பையில் இருக்கட்டும். ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்து, உலர்த்தி, தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றுக் காய்ந்த பின் ஒட்டை அழுத்த வேண்டும். பின்னர் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள்; இதை மறந்தால் பத்தடி தள்ளி மறுபடியும் பஞ்சர்தான்! பஞ்சர் ஒட்டத் தெரிந்த பெண் நடுவழியில் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை.

துப்பட்டாவின் முனை, பர்தாவின் ஓரம், பாவாடை விளிம்பு ஆகியவை சக்கரத்தில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். சூரியன் எழும் வேளையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது நம் வேலூர்ச் சீமைக்கு ஏற்ற ஒழுங்கு.

இன்னொன்று மிக முக்கியம். கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் எல்லை தாண்டி நம் பக்கத்துக் காடுகளுக்கும் வயல்களுக்கும் வருவதுண்டு. ஆகவே வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுத் தடங்களில் நுழையக் கூடாது. அந்தி நேரத்தில் மலையடிவாரத்தில் இருக்கவும் கூடாது. லாரிகள் ஏறும் மலைச்சாலை கற்றுக்கொள்ளும் இடமன்று.

வழிகாட்டிய பெண்கள்

“பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்போர் புதுக்கோட்டையை நினைக்க வேண்டும். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர் எனப் பலரும் கேலிப் பேச்சைப் பொருட்படுத்தாமல் தெருவுக்கு வந்தனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கிய தாய்மாரும் உண்டு. பேருந்துக்காகத் தந்தையையோ கணவரையோ நம்பிக் காத்திருந்த நிலை அவர்களுக்கு மாறியது.

கடல் கடந்தும் ஒருவரைக் காண்போம். அயர்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் டெர்வ்லா மர்ஃபி என்னும் சிறுமிக்குப் பத்தாவது பிறந்த நாளில் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபட நூலும் பரிசாகக் கிடைத்தன. ஒருநாள் இந்தியாவுக்கே சைக்கிளில் போவது என்று அவர் அப்போதே முடிவு செய்தார். நம்மைப்போல் கன்னியர் மடப் பள்ளியில் படித்த அவர், நோயுற்ற தாயைப் பராமரிக்க 14 வயதில் படிப்பை நிறுத்த நேர்ந்தது. பல ஆண்டுகள் தாய்க்குத் தொண்டு செய்தார். பெற்றோர் இருவரும் மறைந்த பின், 1963 ஜனவரியில் தனியே புறப்பட்டு, அவ்வாண்டிலேயே டில்லியை அடைந்தார். 2022இல் தம் 90ஆம் வயதில் மறைந்த அவர், உலகப் புகழ்பெற்ற பயண எழுத்தாளராக விளங்கினார். கடமையை விட்டு ஓடவில்லை, கனவையும் விடவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

தங்கள் அச்சம் நியாயமானதே. மகளைத் தனியே அனுப்பும்படி எவரும் கேட்கவில்லை. நான்கைந்து தோழியர், உடன் ஓர் ஆசிரியையோ மூத்த உறவினரோ, போகும் வழியும் திரும்பும் நேரமும் எழுதிய ஒரு தாள்: இவை இருந்தால் ஒரு சனிக்கிழமைக் காலையை அவளுக்குத் தரலாம். 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தமிழக அரசு தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அவள் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காக வந்த வண்டி, அவளது உலகம் குறுகிவிடாதிருக்கவும் உதவட்டும். தந்தையரே, தாய்மாரே, முடிந்தால் தாங்களும் ஒரு வண்டியில் உடன் வாருங்கள்.

மாணவியரே! முதல் நாள் ஏரிக்கரை வரை போதும். அடுத்த முறை அடுத்த கிராமம். போன இடத்தின் பெயர், கண்ட பறவை, பேசிய பெரியவர் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளை கல்லூரிக்கோ வேலைக்கோ மணமாகியோ எங்கு சென்றாலும், “உன் ஊர் எப்படிப்பட்டது?” என்று ஒருவர் கேட்டால் சொல்ல நமக்குச் சொந்தமாக ஒரு விடை இருக்கும். மாடிப்படியின் கீழே இருக்கும் அந்த வண்டியைத் துடைத்துக் காற்றடியுங்கள். இறைவனின் படைப்பு வாசலுக்கு வெளியே காத்திருக்கிறது.