பிள்ளையார் கண்ணுக்குள் ஒரு தடைப் பட்டியல்: தெரியுமா?

கம்பைநல்லூர்ப் பக்கம் வேலியோரத்தில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதற்குள் இருக்கும் அப்ரின் என்ற நஞ்சும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் ஒரே சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, தெரியுமா? பட்டியல் போட்டது ஆஸ்திரேலியா குழு. ஈரான்-ஈராக் போரில் ரசாயன ஆயுதங்கள் பாய்ந்ததைக் கண்டு பதறி, 1985-இல் கூடிய நாடுகள். 2018 ஜனவரியில் இந்தியாவும் சேர்ந்துவிட்டது.

பக்கத்தில் ஆமணக்கு நிற்கிறதா? அது இதற்கும் மேலே! கொட்டைக்குள் இருக்கும் ரிசின், ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில், சாரின் நச்சு இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அதைப் பிரித்தெடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா? 30 நாளுக்கு முன்பே இரண்டு நாடுகளும் ஹேக் நகரத்தில் உள்ள அந்த உடன்படிக்கையின் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும்! ஆனால் விளக்கெண்ணெய்க்கு அந்தக் கெடுபிடி கிடையாது. உலகத்துக்கே அதை அதிகம் அனுப்புவது நாம்தான். ரிசின் எண்ணெயில் கரையாத புரதம், ஆட்டும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கை வயலுக்குப் போடு, மாட்டுக்கு வைக்காதே என்பது சும்மா வந்த பேச்சில்லை.

நெல் வயலில் குலைநோய் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சையும் ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலில்! ஒரு நாட்டின் சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதும் போர்தானே.

நம் நாட்டுப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். பொருளை மூட்டை கட்டினால்தான் ஏற்றுமதி என்று நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதியே. ஏற்கெனவே எல்லாரும் படிக்கக் கிடைக்கும் செய்திக்கு விலக்கு உண்டு.

அமெரிக்காவில் இன்னும் கெடுபிடி: ஆய்வகத்தில் வெளிநாட்டு மாணவரிடம் சொன்னாலே ஏற்றுமதி! டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், ஆளில்லா விமான ஆய்வு விவரங்களைச் சீன, ஈரானிய மாணவர்கள் கையாள விட்டார். 2009-இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை. நெதர்லாந்தில் ஆய்வாளர் ரான் ஃபூஷியே பறவைக் காய்ச்சல் பற்றிக் கட்டுரை எழுதினார். அதை அமெரிக்க இதழுக்கு அனுப்ப ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார், 2013-இல் நீதிமன்றமும் உரிமம் வேண்டும் என்றே சொன்னது. கட்டுரைக்கு!

நாமே இந்தக் கட்டுப்பாட்டுக் கதவுக்கு வெளியே நின்ற கதை உண்டு. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, கல்பாக்கம் வேக ஈனுலைக்குப் பிரான்சிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. நம்மவர்கள் புளூட்டோனியம்-யுரேனியம் கார்பைடு என்று உலகில் யாரும் முழு உலைக்கும் போட்டுப் பார்க்காத எரிபொருளைச் செய்தார்கள். 1985 அக்டோபர் 18-இல் உலை உயிர்பெற்றது.

சரி, அந்தக் குன்றிமணி? அதற்குத் தடையில்லை, பிரித்தெடுத்த அப்ரினுக்குத்தான். வரும் சதுர்த்திக்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக இரண்டை அழுத்தி வைக்கலாம். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.