எண்ணெயும் தண்ணீரும் ஏன் சேர்வதில்லை?

போன கிழமை, ஆறாம் தரத்தில் படிக்கும் என் மகள் குசினிக்குள் வந்து, "அம்மா, எண்ணெயும் தண்ணியும் ஏன் கலக்கிறேல்லை? ரீச்சர் செய்து பாத்துக்கொண்டு வரச் சொன்னவ" என்றாள்.

எனக்கு 1995 ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வந்தது. ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் பல குடும்பங்களோடு இருந்தோம். அப்போது எனக்கு 10 வயது. ஒரு இரவு குப்பி விளக்குச் சரிந்து, மண்ணெண்ணெய் சீமெந்து நிலத்தில் சிந்தித் தீப்பற்றியது. பக்கத்தில் இருந்த மாமி பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டா. தீ அணையவில்லை. தண்ணீர் ஓடிய பக்கமெல்லாம் அதன் மேலே ஏறி ஓடியது. அம்மாவின் காலில் அந்தத் தழும்பு இன்றும் உண்டு. மாமி நெடுநாள் தன்னையே நொந்துகொண்டிருந்தா. அவவில் என்ன பிழை? எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

மகளுக்கு ஒரு கிளாஸில் அரைவாசித் தண்ணீர் எடுத்து, பீட்றூட் அவித்த சாற்றில் கொஞ்சம் விட்டேன். அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். சிவப்புக் கீழே நின்றது, எண்ணெய் மேலே நின்றது. மூடிய போத்தலில் விட்டுக் குலுக்கினாள். கலந்ததுபோல் தெரிந்தது; சிறிது நேரத்தில் பழையபடி பிரிந்துவிட்டது.

தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒட்சிசன் பக்கம் சற்று மறை ஏற்றமும், ஐதரசன் பக்கம் சற்று நேர் ஏற்றமும் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெயின் நீண்ட சங்கிலிகளில் அப்படி இல்லை. ஆகவே தண்ணீர் அதைத் தன் கூட்டத்துக்குள் விடுவதில்லை. அடர்த்தி குறைந்தபடியால் எண்ணெய் மேலே மிதக்கிறது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். ஆனால் மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஒரே இனம், நன்றாகக் கலக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

தாச்சியில் கொதிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் ஆபத்து இன்னும் கூட. ஊற்றும் தண்ணீர் அடியில் போய் ஒரு கணத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு பெருத்து, எரியும் எண்ணெயை முகத்தில் வீசும். சகோதரிகளே, அந்நேரம் தாச்சியைத் தூக்கவும் வேண்டாம். அடுப்பை நிற்பாட்டிவிட்டு, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும்வரை திறவாமல் விடுங்கள். நிலத்தில் எரியும் மண்ணெண்ணெய்க்கு மணல் போடுங்கள். இரண்டும் காற்றைத் தடுத்துத் தீயை அணைக்கும்.

பிறகு போத்தலுக்குள் கொஞ்சம் சவர்க்காரத் தூள் போட்டுக் குலுக்கினோம். இம்முறை எண்ணெய் இலகுவில் பிரியவில்லை. சவர்க்காரத்தின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்ச்சட்டி கழுவுப்படுவதும் இதனால்தான்.

"அப்ப தேங்காய்ப்பாலுக்குள்ள இருக்கிற எண்ணெய்?" என்று கேட்டாள். அதில் புரதம் அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது என்றேன். நம்பவில்லை. கறிக்கு வைத்திருந்த முதற்பாலில் அரைக் கிளாஸ் எடுத்து யன்னலடியில் வைத்துவிட்டாள். பின்னேரம் பார்த்தால் மேலே தடித்த வெள்ளை ஆடை, கீழே கலங்கல் தண்ணீர். அன்றைக்குக் கறிக்குப் பால் காணாமல் போய்விட்டது.