ப்ளஸ் டூ மாணவருக்கு வந்த லேப்டாப் எங்கே போச்சு?

"கவர்மென்ட் லேப்டாப் திரும்ப வந்துடுச்சாமே, என் தம்பி ப்ளஸ் டூ படிக்கிறான், அவனுக்குக் கிடைக்குமா?" ஆவடியில என்னைத் தெரிஞ்ச யாரைப் பார்த்தாலும் இப்போ இந்தக் கேள்விதான். பதில் ஒரே வார்த்தை: கிடைக்காது. ஏன் கிடைக்காதுன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல 2011-க்குப் போகணும். அந்த வருஷத் தேர்தல் வாக்குறுதிப்படி, செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்னைக்கு முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடங்கினது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ப்ளஸ் டூ மாணவர்கள், அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஆவடியில இருக்கிற கேந்திரிய வித்யாலயா பசங்களுக்குக் கிடையாது, ஏன்னா அது மாநில அரசுப் பள்ளி இல்லை. ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு வந்திருக்கும், அடுத்த வீட்டுக்கு வந்திருக்காது.

வாங்கிக் கொடுத்தது எல்காட் நிறுவனம். மூடியில அரசு முத்திரை, உள்ளே விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸ். இந்த பாஸ், மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்கினது. நான் பார்த்த வரைக்கும் அதைத் திறந்து பார்த்தவங்க ரொம்பக் கம்மி. படம் பார்க்க விண்டோஸ் போதும்ல!

2020 வரைக்கும் கொடுத்தது மொத்தம் ஐம்பது லட்சத்துக்கும் மேல. செலவு ஏழாயிரம் கோடி ரூபாய் சுற்று. வகுத்துப் பாருங்க, ஒரு லேப்டாப்புக்கு 14,000 ரூபாய் வருது. இந்தப் பணம் முழுக்க மாநில பட்ஜெட்டிலிருந்து போனது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இலவசம்னாலே ஒரு சண்டை வருமே, அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்குல 2013 ஜூலை 5 தீர்ப்பு: தேர்தல் அறிக்கையில இப்படி வாக்குறுதி கொடுக்கிறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது. அதே சமயம், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி உருவாக்கச் சொல்லி தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவு போட்டாங்க. 1955-ல காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச பாணிச் சமுதாயம்'னு தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. அதனால இந்த விவாதம் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

எனக்கு முக்கியமாப் படுற கேள்வி வேற. லேப்டாப் கொடுத்தா படிப்பு மேம்படுமா? பெரு நாட்டுல 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்துல லட்சக்கணக்கான கருவிகள் கொடுத்தாங்க. 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆய்வு செஞ்சு 2012-ல அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி ஒரு அறிக்கை வெளியிட்டது. கணக்குலயும் மொழிப் பாடத்துலயும் மதிப்பெண் உயர்ந்ததுக்கு ஆதாரமே இல்லை. இலவச லேப்டாப்பை எதிர்க்கிறவங்க உடனே இதைக் காட்டுவாங்க.

ஆனா பெருவுல கொடுத்தது பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு. நம்ம ப்ளஸ் டூ மாணவருக்கு வேற தேவை இருக்கு. 2018-ல வந்த புதுப் பாடத்திட்டத்துல கணினி அறிவியல் எடுத்தா ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூல பைத்தான். செய்முறைத் தேர்வும் உண்டு. பைத்தானைப் புத்தகத்துல படிச்சு எழுதறது, நீச்சலைக் கரையில உட்கார்ந்து கத்துக்கிற மாதிரி. அதே 2018-லதான் பொறியியல் கலந்தாய்வும் ஆன்லைனுக்கு மாறுச்சு. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவுன்னு நூறு வரிசையை யோசிச்சு அடுக்கணும். வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கிற பையன் ராத்திரி நிதானமா அடுக்குவான். இல்லாத பொண்ணு, பிரவுசிங் சென்டர்ல பின்னாடி நாலு பேர் நிக்க, கடைக்காரர் சொல்றதை டிக் பண்ணிட்டு வரும். அதுலதான் அடுத்த நாலு வருஷமே இருக்கு.

அப்புறம் 2020. பள்ளி மூடியாச்சு, பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் மாறியாச்சு. அக்காவுக்கு முன்னாடி வந்த பழைய லேப்டாப் தம்பிக்குக் கைகொடுத்த வீடுகள் உண்டு. ஆனா எந்த நேரத்துல அது அதிகமாத் தேவைப்பட்டதோ, அதே நேரத்துலதான் திட்டமும் நின்னுது.

திரும்ப வந்தது 2025-26 பட்ஜெட்டுல. இரண்டு ஆண்டுல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவிச்சார். முதல் கட்டத்துக்கு 2,000 கோடி. 2026 ஜனவரி 5 அன்னைக்கு 'உலகம் உங்கள் கையில்' என்ற பேர்ல முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பத்து லட்சம் பேருக்கு 2,000 கோடின்னா ஆளுக்கு 20,000 ரூபாய். பழசை விட நல்ல கருவிதான், மறுக்கல. ஆனா வயசு மாறிடுச்சு. பள்ளியில கிடைச்சது கல்லூரிக்கு நகர்ந்துடுச்சு. கல்லூரி வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தவங்களுக்குத்தான் இப்போ கிடைக்குது. வந்து சேர உதவுற கட்டம் காலியா இருக்கு.

பள்ளிக்கு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு: ஹைடெக் லேப். 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைச்சாங்க. நல்ல விஷயம். ஆனா ஒரு அறையில பத்து, இருபது கணினி. அதுலதான் எல்லா வகுப்பும், துறை நடத்துற ஆன்லைன் மதிப்பீடும். நாலரை மணிக்குக் கேட் பூட்டினா கணினியும் பூட்டுதான்.

இப்போ அந்தப் பண விஷயத்துக்கு வருவோம். கல்லூரி லேப்டாப் மாநிலத்தோட சொந்தக் காசு. பள்ளிகளில கணினி வசதிக்குப் பெரிய வழி 'சமக்ர சிக்ஷா' திட்டம். அதுல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துல கையெழுத்து போடலைன்னு 2024-25-க்கான 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வச்சது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஆசிரியர் சம்பளம் உட்பட எல்லாமே அந்தத் தொகையைச் சார்ந்தது, கணினி மட்டும் இல்லை. இரண்டு அரசுகள் சண்டை போட்டா பள்ளிக் கம்ப்யூட்டர் எப்போ வரும்னு தலைமை ஆசிரியரால சொல்ல முடியாது. தேசியக் கல்விக் கொள்கை பத்தி யார் பக்கம் நியாயம்னு நீங்க எப்படி வேணா நினைக்கலாம். பதினேழு வயசுப் பசங்களோட லேபை அந்தப் பேரத்துல வைக்கிறது எனக்குச் சரியாப் படல.

என்னைக் கேட்டா, திரும்ப ஆளுக்கொரு லேப்டாப் கொடுக்க முடியலைன்னாலும், மேல்நிலை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் லேப்டாப்பாவது பள்ளியில இருக்கணும். நூலகப் புத்தகம் மாதிரி. கலந்தாய்வு நேரத்துல கண்டிப்பா.

நீங்க அரசுப் பள்ளியில படிச்சவங்களா? உங்க பழைய பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முன்னாள் மாணவர்களும் உறுப்பினரா இருக்கலாம். அடுத்த கூட்டத்துக்குப் போய் ரெண்டே கேள்வி கேளுங்க: லேப்ல எத்தனை கணினி ஓடுது? வகுப்பு முடிஞ்ச பிறகு ப்ளஸ் டூ பசங்களுக்கு ஒரு மணி நேரம் திறந்து விட முடியுமா? என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல அதையும் பேசுவோம்.