அங்கன்வாடியில் இன்னொரு ஆள் எதற்கு?

ஹவுராவின் சணல் ஆலைக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒற்றை அறைதான் வீடு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓடியாட இடமும், அதன் பேச்சுக்குக் காதுகொடுக்க ஓர் ஆளும் சேர்ந்து கிடைக்கக்கூடிய இடம் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் அது. அங்கே தரும் கிச்சடி பசியை ஆற்றும். ஆனால் தட்டிலிருக்கும் உருளைக்கிழங்கைக் காட்டிக் குழந்தை ஏதோ மழலையில் சொல்ல, “சுடுதா? ஊதிச் சாப்பிடு” என்று பெரியவர் பதில் தருகிறாரே, மொழிக்கான நரம்பிணைப்புகள் உறுதிப்படுவது அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில்தான். சுவரில் ஒட்டிய எழுத்துப் படம் பதில் பேசாது.

இதெல்லாம் பாட்டியிடம் கிடைக்காததா என்று கேட்கலாம். தாராளமாகக் கிடைக்கும், பாட்டிக்கு ஓய்விருந்தால். அதே சிக்கல்தான் அங்கன்வாடிப் பணியாளருக்கும்: எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்று அவர் பொழுது போய்விடுகிறது. தமிழ்நாட்டில் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்; வளர்ச்சி குன்றலும் குறைந்தது. தாயைப் பிரிவது குழந்தையை வாட்டாதா? வாட்டும். பகல்நேரக் காப்பகங்களில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடுவதை வெளிநாட்டு ஆய்வுகள் அளந்திருக்கின்றன. கவனிப்பு மோசமான இடங்களில் அது இன்னும் அதிகம். எனவே கட்டடத்துக்கு வண்ணமடிக்கும் பணத்தில் முதலில் ஆள் போடுவதே நியாயம்.