கிணற்று நீர் பச்சையானால்…



"ஏங்க, கிணத்துத் தண்ணி பச்சையாக் கெடக்குதே, புள்ளைங்களுக்கு ஆகுமா?" என்கிறாள் மனைவி. "நேத்து மத்தியானம்தானே ஒரு டப்பா பவுடரைக் கொட்டினேன்! இன்னும் தெளியலையா?" என்று திகைக்கிறான் கணவன்.

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடப்பதுதான். பவுடர் போட்டும் ஏன் தெளியவில்லை? அதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம். குழந்தையின் உயிருக்கும் காப்பு.

பாசி ஏன் வருகிறது?

பாசி தாவரம் போன்ற ஒரு சிறு உயிர். அதற்கு வெயில் வேண்டும், உரச்சத்து வேண்டும். மூடாத கிணற்றில் வெயில் விழுகிறது. வயலில் போட்ட யூரியா மழைநீரோடு வந்து சேருகிறது. மாட்டுச் சாணம், அழுகிய இலை, துணி துவைத்த தண்ணீர் எல்லாம் உள்ளே போகின்றன. பிறகு பாசிக்குக் கேட்கவா வேண்டும்?

"பாசிதானே, அதனால என்ன கெடுதல்?" என்று சிலர் சொல்றாங்க. பச்சை நிறம் ஓர் எச்சரிக்கை. பாசியை வளர்த்த அழுக்கு வந்த வழியிலேயே வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகளும் வரலாம்.

பவுடர் ஏன் வேலை செய்யவில்லை?

பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின்தான் கிருமியைக் கொல்கிறது. அந்தக் கணவன் செய்த தவறுகள் நான்கு.

1. பாசியையும் குப்பையையும் அகற்றாமல் பவுடர் போட்டது. குளோரின் முழுவதையும் பாசியே தின்றுவிடும், கிருமி தப்பிக்கும்.

2. மத்தியானத்தில் போட்டது. வெயில் குளோரினைக் கெடுத்துவிடும். அதோடு பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் தண்ணீரில் காரம் ஏறுகிறது. கார–அமில அளவு 7-ஐ ஒட்டி இருந்தால் குளோரின் நன்றாக வேலை செய்யும். 8-ஐத் தாண்டினால் சோர்ந்துபோகும். சுண்ணாம்பைக் கொட்டினால் காரம் இன்னும்தான் ஏறும்.

3. பழைய பவுடர். நல்ல பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் உண்டு. ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது பறந்துபோகும். வாசனை இல்லாத, கட்டிபட்ட பவுடர் வெறும் சுண்ணாம்புதான்.

4. அளக்காமல் கொட்டியது.

சரியான முறை

முதலில் மிதக்கும் பாசியை வலை போட்டு எடுங்கள். பச்சைத் தண்ணீரை இறைத்து வெளியேற்றுங்கள். பழகிய ஆட்களைக் கொண்டு சுவரைத் தேய்த்துக் கழுவச் செய்யுங்கள். யாரும் தனியாகக் கிணற்றில் இறங்கக்கூடாது. உள்ளே டீசல் இன்ஜினை ஓட்டக்கூடாது. நச்சுப்புகை ஆளைக் கொல்லும்.

புதுத் தண்ணீர் ஊறியதும் அளவு எடுங்கள். கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்குங்கள். விட்டமும் ஆழமும் மீட்டர் கணக்கில் இருந்தால், வருவது லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் வீதம், ஏறக்குறைய 24 கிராம் போதும். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் போடாதீர்கள்.

இதை இரவில், எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பின் செய்வது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் இறைக்கக்கூடாது. அதன் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் கருவி வைத்துப் பார்த்துச் சொல்வார். குறைந்திருந்தால் எவ்வளவு கூட்டுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பவுடரோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள்; நச்சு வாயு கிளம்பும். மயில்துத்தத்தை நீங்களாகக் குடிநீர்க் கிணற்றில் போடாதீர்கள்; அது விஷம். பெயின்ட் ஊற்றியது போல நீலப்பச்சை ஆடை படர்ந்து நாற்றம் வீசினால், அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம். சில வகைப் பாசியில் நஞ்சு உண்டு; அது காய்ச்சினாலும் போகாது. சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள்.

மீண்டும் வராதிருக்க

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மூடியும் போடுங்கள். வெயில் விழாவிட்டால் பாசி இல்லை. துணி துவைப்பதையும் மாடு கழுவுவதையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் குழி 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் உப்பு–சர்க்கரைக் கரைசல் பவுடரைக் கலந்து அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை நர்சு சொல்லும் அளவில் 14 நாள் கொடுங்கள். குழந்தை சோர்ந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தண்ணீர் எடுப்பது பெண்ணின் வேலை, கிணறு ஆணின் பொறுப்பு என்று பிரிக்காதீர்கள். அவர் அளக்கட்டும், நீங்கள் கலக்குங்கள். அல்லது நீங்கள் அளக்க, அவர் கலக்கட்டும். பெற்ற பிள்ளைகள் இருவருக்கும் சொந்தம்தானே!

தெளிந்த கிணறு — நோயற்ற குழந்தை — நிறைவான குடும்பம்.